கோடு போட்ட பலகையா, கோடு போடாத பலகையா?

நமது சங்க மலரின் ஆசிரியர், "உங்கள் ரயில்வே அனுபவங்களை எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டு ஓராண்டுக்கு மேலாகிறது. இன்று, நாளை என்று நாள் கடத்திக்கொண்டிருந்தேன். இப்போது எழுத உட்கார்ந்தால் வருவது ரயில் அல்ல, சங்கீதம். அதிலும் நம்மில் பலருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத பேஸ் கிதார் பற்றிய சங்கதி. அன்பர்கள் முகம் சுளிக்காமல் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன். பிள்ளைகளை வயலின் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோருக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

என் மகள் வயிற்றுப் பேரன் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். திருவனந்தபுரத்துப் பிள்ளைகள் பலரையும்போல அவனுக்கும் நண்பர்கள் சேர்ந்த ஓர் இசைக்குழு உண்டு. அதில் அவன் பேஸ் கிதார் வாசிக்கிறான். பாட்டின் அடியில் 'தும் தும்' என்று நடந்து போகுமே, அந்தக் கனத்த நாதம்தான் பேஸ். இளையராஜாவின் பாடல்களைக் கேட்டவர்களுக்கு அது புதிதல்ல. பெயர் தெரியாவிட்டாலும் காது அறியும்.

சென்ற புரட்டாசியில் ஒருநாள் அந்த வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"தாத்தா, இதிலே இருக்கிற மெட்டு எல்லாத்தையும் கழத்திரலாமா?"

வீணையில் குறுக்கே பதித்திருக்கும் வெண்கலக் கட்டைகளை நாம் மெட்டு என்கிறோம். கிதாரில் அதையே ஃபிரெட் என்பார்கள். மெட்டுக்குச் சற்றுப் பின்னால் விரலை அழுத்தினால் போதும். விரல் கொஞ்சம் முன்பின் இருந்தாலும், ஸ்வரத்தை முடிவு செய்வது மெட்டுதான். ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் குழைவு அதில் எளிதில் வராது. கல்யாணியில் ஒரு துண்டு வாசிக்க முயன்று, அது படிக்கட்டில் இறங்குவதுபோல் இருக்கிறதே என்று பேரனுக்கு வருத்தம். மெட்டுகளைக் கழற்றிவிட்டால் பலகை வழவழவென்று ஆகிவிடும். வயலின்போல் விரல் ஓடலாம்.

கழற்றுவது சரி, கழற்றியபின் 20 பள்ளங்கள் இருக்குமே, அவற்றை எதனால் அடைப்பது? இங்கேதான் கேள்வி பிறக்கிறது. வெளிர்நிற வெனீர் பட்டையால் அடைத்தால், மெட்டு இருந்த இடமெல்லாம் பலகையில் மெல்லிய கோடாகத் தெரியும். பலகையின் நிறத்திலேயே ஈட்டி மரச் சீவலால் அடைத்தால் கோடே தெரியாது. கடைகளில் விற்கும் மெட்டில்லாத பேஸ்களும் இந்த இரண்டு வகையாகத்தான் வருகின்றன. ஒருமுறை அடைத்துத் தேய்த்து மெருகு போட்டுவிட்டால் திருப்புவது கடினம். ஆகவே முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். கோடு வேண்டுமா, வேண்டாமா?

"கோடு போட்டா நல்லதுதானே தாத்தா? எங்கே கைவைக்கணும்னு தெரியும்" என்றான் பேரன்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் மகளின் குரல் வந்தது. "அப்பா, மறுபடியும் ஸ்கேலை எடுத்தாச்சா?"

அந்த ஒரு வாக்கியத்தில் முப்பது வருடக் கணக்கு இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1993-ல் நான் செய்த காரியம்

அப்போது என் மகளுக்கு எட்டு வயது. சிறுவர்களுக்கான சின்ன வயலின் ஒன்று வாங்கிக் கொடுத்து, ஒரு பெரியவரிடம் பாடத்துக்கு அனுப்பினோம். அவர் நல்ல வித்வான். ஆனால் அவர் பாடம் நடத்திய முறை எனக்கு விளங்கவில்லை. மணிக்கணக்கில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பாடச் சொல்வார். வயலினைத் தொடுவது கடைசிப் பத்து நிமிஷம்தான். பிள்ளை விரல் வைக்கும், அபஸ்வரமாக இருக்கும். "பாடு" என்பார். பாடும். "இப்போ விரலை அங்கே கொண்டு போ" என்பார். மாதக்கணக்கில் இதுவே பாடம்.

நானோ பர்மனென்ட் வே பிரிவில் வேலை பார்த்தவன். அளவு தெரியாமல் ஒரு வேலையைத் தொடுவது எனக்குப் பிடிக்காது. ஓர் ஞாயிற்றுக்கிழமை மேருவிலிருந்து குதிரைவரை கம்பியின் நீளத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். கால்குலேட்டரில் கணக்குப் போட்டு, வெள்ளை டேப்பை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, விரல் பலகையில் ஒட்டினேன். மகளைக் கூப்பிட்டு, "இனிமே இந்தக் கோட்டிலே வச்சா போதும்" என்றேன்.

ஒரு வாரத்தில் பெரிய முன்னேற்றம். சரளி வரிசையைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்தாள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டச் சொன்னேன். ஆசிரியர் மட்டும் டேப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகுதான் கோளாறுகள் தலைகாட்டின. நம் முறையில் தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் சாய்த்து வாசிக்கிறோம். பலகையில் கோட்டைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தைத் திருப்பிக் குனிய வேண்டும். குனிந்தால் தோள் இறங்குகிறது. தோள் இறங்கினால் வில் கோணுகிறது. ஆசிரியர் ஒருநாள் கண்ணை மூடி வாசிக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து வயலினின் குதிரை சாய்ந்து விழுந்துவிட்டது. நானே எடுத்து நிறுத்தினேன். பழைய இடத்திலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி நின்றிருக்க வேண்டும். கம்பி நீளம் மாறினால் ஸ்வர ஸ்தானங்கள் எல்லாம் மாறும். நான் ஒட்டிய கோடுகள் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தன. அடுத்த வகுப்பில் ஆசிரியர், "பஞ்சமம் விலகுது, கேளு" என்றிருக்கிறார். அவள், "கோட்டிலேதான் சார் வச்சிருக்கேன்" என்றாளாம். "கோட்டை விடு, சுருதியைக் கேளு." "கோட்டிலேதான் சார் இருக்கு." இப்படியே சொல்லிச் சொல்லி அழுதுவிட்டாள்.

அதன்பின் அவளுக்கு வயலின்மேல் பயம் வந்துவிட்டது. டேப்பைக் கிழித்துப் போட்டேன், பசைத் தடம்தான் மிஞ்சியது. இரண்டு மாதத்தில் வகுப்பும் நின்றது. வயலின் பெட்டி பீரோவுக்கு மேலே போயிற்று. தவறு ஆசிரியருடையதுமல்ல, குழந்தையுடையதுமல்ல, என்னுடையது.

வடிவேலுவுக்குக் கோடு போட்டுக் கொடுத்தவர் யார்?

இந்த ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கையில் நமக்கு ஒரு பெரிய துணை உண்டு. தஞ்சை நால்வர் என்று புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்களில் இளையவரான வடிவேலு, சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவையில் இருந்தவர். மேலைநாட்டு வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். மகாராஜா 1834-ல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும் அந்தக் காலத்திலேயே வயலினைக் கையில் எடுத்தவர்.

அவர்கள் கைக்கு வந்தது மெட்டுமில்லாத, கோடுமில்லாத பலகை. அந்தப் பலகையில் நம் ராகங்களை வாசிக்க எங்கே விரல் வைப்பது என்று சொல்லித் தர எந்தப் புத்தகமும் இருந்திருக்காது. ஐரோப்பியர் விரல் வைத்த இடங்களும் நம் கமகங்களுக்குப் போதாது. பாட்டைக் கேட்ட காது ஒன்றுதான் அவர்களுக்கு வழிகாட்டி. பாடகரின் குரலை நிழல்போலத் தொடரும் வாத்தியமாக வயலின் நம் மேடையில் நிலைத்ததற்கு அந்தக் கோடில்லாத பலகைதான் காரணம் என்பது என் எண்ணம்.

மெட்டுள்ள வாத்தியத்திலும் நம் முன்னோர் மெட்டுக்கு அடிமையாகவில்லை. வீணையின் 24 மெட்டுகள் மெழுகில்தான் பதிக்கப்படுகின்றன. மெழுகை இளக்கி இடம் மாற்றலாம். எங்கே நிறுத்துவது என்பதை வீணை செய்பவரின் காது முடிவு செய்கிறது. அதற்குமேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் பல ஸ்வரங்களையும் வாசிக்கிறோம். மெட்டே இல்லாமல், கம்பியின்மேல் உருளைக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் வாத்தியத்துக்குக் கோட்டு வாத்தியம் என்று பெயர். இங்கே கோடு என்பது அந்தக் கட்டையைக் குறிக்கும் என்பர். பலகையில் கோடில்லாத வாத்தியத்தின் பெயரில் கோடு இருப்பது ஒரு வேடிக்கைதான். 1939-ல் இங்கு சுவாதித் திருநாள் பெயரில் இசைக் கலாசாலை தொடங்கியபோது அதன் முதல் தலைவராக வந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் கோட்டு வாத்தியமும் அறிந்தவர்.

நவராத்திரியின்போது பேரனை வேட்டி கட்டச் சொல்லிக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே கைதட்டும் வழக்கமில்லை. எல்லாரும் அமைதியாக உட்கார்ந்து கேட்பார்கள். "வித்வானின் கையைப் பார்க்காதே, கண்ணைப் பார்" என்று காதில் சொன்னேன். வயலின் வாசித்தவரின் கண் பாடுபவரின் முகத்தில் இருந்தது, அல்லது மூடியிருந்தது. ஒரு தடவைகூடப் பலகையைத் தொடவில்லை.

மேல்நாட்டில் நடந்தது

வெளியே வந்ததும் பேரன் தன் கட்சிக்கு ஆதாரம் சொன்னான். அவன் சொன்னதில் நான் அறியாத செய்திகள் இருந்தன.

அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 1951-ல் மின்சார பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்குச் சூட்டிய பெயர் 'பிரிசிஷன்', அதாவது துல்லியம். அதுவரை பேஸ் என்றால் ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான். அதில் மெட்டில்லை. காது நன்றாக இருந்தால்தான் சுருதி சேரும். மெட்டு வைத்த புதிய வாத்தியத்தில் யார் அழுத்தினாலும் ஸ்வரம் துல்லியமாக வரும் என்பதே அந்தப் பெயரின் பெருமை. பத்தே வருடத்தில், 1961-ல், இங்கிலாந்தின் பில் வைமன் தன் மலிவான பேஸிலிருந்து மெட்டுகளைப் பிடுங்கி எறிந்தார். 1966-ல் ஆம்பெக் நிறுவனம் மெட்டில்லாத பேஸை வெளியிட்டது. 1970-ல் ஃபெண்டர் நிறுவனமும் அதே 'துல்லிய' பேஸை மெட்டில்லாமல் விற்கத் தொடங்கியது!

மெட்டில்லாத பேஸை உலகப் புகழாக்கியவர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்பவர் (1951–1987). அவர் பெயரிலேயே 1976-ல் வந்த இசைத்தட்டைப் பேரன் எனக்குப் போட்டுக் காட்டினான். பேஸா, மனிதர் பாடுகிறாரா என்று சந்தேகம் வருகிறது. அவருடைய வாத்தியம் மெட்டுகளைக் கழற்றி, பள்ளங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸி பூசிய பழைய ஃபெண்டர் ஜாஸ் பேஸ். மெட்டு இருந்த இடமெல்லாம் அதில் கோடாகத் தெரியும்.

"பாருங்க தாத்தா, அவரே கோடு போட்டதிலேதான் வாசிச்சார். கோடு போட்டது கத்துக்குட்டிக்குன்னு சில பேர் கேலி பண்றாங்க. அது சும்மா."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கோடில்லாத பலகை பார்க்க அழகு. அதை வைத்திருப்பவன் கெட்டிக்காரன் என்று பார்ப்பவர் நினைப்பார்கள். அந்தப் பெருமைக்காகக் கோட்டை ஒதுக்கக் கூடாது. 1993-ல் பட்ட சூட்டுக்காக நானும் ஒதுக்கக் கூடாது. ஆகவே, கோடு உண்மையில் என்ன சொல்கிறது என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம்.

கோடு சொல்லும் உண்மையும் பொய்யும்

பேரனின் பேஸில் மேருவிலிருந்து குதிரைவரை 34 அங்குலம், ஏறத்தாழ 864 மில்லிமீட்டர். திறந்த கம்பியை ஸட்ஜமாகக் கொண்டால், நடுவில் 432-ல் மேல் ஸட்ஜம். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 288-ல் தம்புராவோடு இழையும் பஞ்சமம். நான்கில் ஒரு பங்கு, 216-ல் சுத்த மத்தியமம். ஐந்தில் ஒரு பங்கு, 172.8-ல் அந்தர காந்தாரம்.

கிதாரின் மெட்டுகளோ ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்துப் போட்டவை. எந்த ஸ்வரத்தையும் ஆதாரமாக வைத்து வாசிக்க வசதியாக மேல்நாட்டார் செய்துகொண்ட சமரசம் அது. அதன்படி பஞ்சமத்தின் மெட்டு 287.3-லும் மத்தியமத்தின் மெட்டு 216.7-லும் இருக்கும். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காந்தாரத்தின் மெட்டு 178.2-ல் இருக்கிறது. தம்புராவோடு சேரும் காந்தாரத்துக்கும் அதற்கும் 5 மில்லிமீட்டருக்கு மேல் தூரம்! நமது அகலப் பாதையின் 1676 மில்லிமீட்டரில் இவ்வளவு விலகினாலே குறித்து வைத்துக் கவனிப்போம். ஒரு முழம் கூட இல்லாத இடத்தில் இவ்வளவு என்றால் காது சும்மா இருக்குமா?

1993-ல் நான் போட்ட கணக்கும் இந்தச் சமபங்குக் கணக்குதான் என்பது அப்போதுதான் உறைத்தது. குதிரை சரியாமல் இருந்திருந்தாலும், என் கோட்டில் வைத்த காந்தாரம் அந்த ஆசிரியரின் சுருதிப் பெட்டியோடு முழுதும் சேர்ந்திருக்காது.

கோட்டை நம்புவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை இன்னும் நான்கு உண்டு.

முதலாவது, மெட்டுக்குப் பின்னால் விரல் வைத்துப் பழகியவர், மெட்டில்லாத பலகையில் கோட்டுக்கு நேர்மேலே வைக்க வேண்டும். பழைய பழக்கத்தில் பின்னால் வைத்தால் ஸ்வரம் இறங்கி ஒலிக்கும்.

இரண்டாவது, பலகையின் பக்கவாட்டில் உள்ள புள்ளிகள். மெட்டுள்ள கிதாரில் அவை இரண்டு மெட்டுகளுக்கு நடுவே இருக்கும். மெட்டைக் கழற்றியபின் அந்தப் புள்ளியை நம்பி விரல் வைத்தால் அரை ஸ்வரத்துக்கும் நடுவில் போய் நிற்கும். கோடும் போடாமல், புள்ளிகளையும் மாற்றாமல் விட்டால் வாத்தியமே ஆளை ஏமாற்றும்.

மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் படித்த இடமாறு தோற்றப்பிழை. வாசிப்பவர் பலகையை நேராகப் பார்ப்பதில்லை, மேலிருந்து சாய்வாகப் பார்க்கிறார். கம்பியின் உயரம், விரலின் பருமன் எல்லாம் சேர்ந்து விரல் கோட்டில் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் இராது.

நான்காவது, குதிரையின் இடம். அதைச் சரியாக நிறுத்தியிருக்கும் வரைதான் கோட்டுக்கு மதிப்பு. இதற்கு என் மகளே சாட்சி.

அப்படியானால் கோடே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியவில்லை. மேடையில் டிரம்ஸ் முழங்கும்போது வாசிப்பவனுக்குத் தன் வாத்தியமே சரியாகக் கேட்பதில்லை. கீழ் ஸ்தாயியிலிருந்து ஒரே தாவலாக 30, 40 சென்டிமீட்டர் மேலே போக வேண்டியிருக்கிறது. வயலினில் கை சிறு தூரம்தான் நகரும். இங்கே தூரம் அதிகம். தாவி இறங்கும் இடத்தின் அக்கம்பக்கத்தைக் கண் காட்டிக் கொடுத்தால் மீதியைக் காது பார்த்துக்கொள்ளும்.

மேஸ்திரி கற்றுக் கொடுத்த பாடம்

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கேங் மேஸ்திரி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். வளைவில் பாதை கெட்டிருந்தால், தண்டவாளத்தின்மேல் கன்னத்தை வைத்துக் குனிந்து பார்ப்பார். "அந்த அஞ்சாவது கட்டைகிட்ட உள்ளே வாங்கியிருக்கு" என்பார். பிறகு நான் 20 மீட்டர் கயிற்றை இழுத்துப் பிடித்து, நடுவில் வெர்சைன் அளப்பேன். 2 டிகிரி வளைவில் அது ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அவர் சொன்ன இடத்தில்தான் கணக்கு உதைக்கும்.

ஒருநாள் அவரிடம், "கயிறு இருக்கும்போது எதுக்கு இப்படிக் குனியணும்?" என்று கேட்டேன். "கயிறு பத்து மீட்டருக்கு ஒரு தடவைதானே சார் பார்க்கும். நடுவிலே ஓடுற பாதையை யார் பார்க்கிறது?" என்றார்.

பழைய மேஸ்திரியின் இந்தப் பதிலைப் பேரனிடம் சொன்னேன். கோடும் அந்தக் கயிறு மாதிரிதான். ஸ்வரம் இருக்கும் இடத்தைக் காட்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியைக் காட்டாது. நம் சங்கீதம் இருப்பதோ அந்த வழியில்தான். அதற்காகக் கயிற்றைத் தூக்கி எறியவும் வேண்டாம். பார்வை முதலில், கயிறு பிறகு. இங்கே காது முதலில், கோடு பிறகு. அந்த வரிசையை 1993-ல் நான் தலைகீழாக்கினேன்.

இரண்டு ஞாயிறுகள் வேலை பார்த்தோம். சால்டரிங் அயர்னால் மெட்டைச் சூடாக்கி, மரம் சிலும்பாமல் மெல்ல நெம்பி எடுத்தோம். கையில் எடுத்துப் பார்த்தால் மெட்டுக் கம்பியின் வெட்டுமுகம் குட்டித் தண்டவாளம் போலவே இருக்கிறது. மேலே உருண்ட தலை, கீழே பள்ளத்தில் இறங்கும் தண்டு. பள்ளங்களில் வெளிர்நிற வெனீரை ஒட்டிக் காயவிட்டுச் சமமாகத் தேய்த்தோம். மெட்டுகள் போனதால் கம்பி உயரமாகத் தெரிந்தது. மேருவின் பள்ளங்களையும் கொஞ்சம் அராவி இறக்கினோம். பலகை தேயாமல் இருக்கத் தட்டையாகச் சுற்றிய கம்பிகளைப் போட்டோம். ஆம், கோடு போட்ட பலகைதான். முடிவு பேரனுடையது. நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். தினமும் முதல் அரைமணி விளக்கை அணைத்துவிட்டுத் தம்புராவோடு மட்டும் வாசிக்க வேண்டும்.

இடி மழையில் ஒரு மாலை

ஐப்பசி மழை இங்கே எப்படி என்று அன்பர்களுக்குத் தெரியும். மத்தியானம் வெயில், மாலையில் இடி. ஒருநாள் இடியோடு மின்சாரமும் போயிற்று. நிபந்தனைக்கு வேலையே இல்லாமல் வீடு இருண்டது. பேரன் பேட்டரியில் ஓடும் சிறு ஒலிபெருக்கியில் வாத்தியத்தைச் செருகி, கைப்பேசியில் தம்புராவை ஓடவிட்டு, கல்யாணியை மெல்ல வாசித்துக்கொண்டிருந்தான். மகள் வாசற்படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று, "காந்தாரம் ஏறி நிக்குது. கொஞ்சம் இறக்கு" என்றாள்.

அவன் விரலைத் தலைப்பக்கமாக ஒரு நூல் அளவு நகர்த்தினான்.

"இன்னும் கொஞ்சம்... அங்கேதான். நிறுத்து."

தம்புராவோடு காந்தாரம் இழைந்தது. தம்புராவின் ஸட்ஜக் கம்பியை நன்றாக மீட்டினால் அதற்குள்ளேயே அந்தர காந்தாரம் கேட்கும் என்பார்களே, அந்தக் காந்தாரம். விளக்கு வந்ததும் டார்ச் அடித்து விரல் நின்ற இடத்தைப் பார்த்தேன். கோட்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் உள்ளே.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அந்த சார் ஒரு வருஷம் பாட வச்சாரே அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

முப்பது வருடத்துக்கு முன்னால் நேரம் வீணாகிறது என்று நான் நினைத்த அந்த ஒரு வருடப் பாடம் வீணாகவில்லை. நான் ஒட்டிய கோடு போய்விட்டது. ஆசிரியர் காதில் போட்டது இருக்கிறது.

பெற்றோர்களுக்கு

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் வயலின் படிக்கிறார்கள். வண்ண வண்ண ஒட்டுத்தாள்களைப் பலகையில் ஒட்டிக்கொள்ளும் வழக்கமும் வந்துவிட்டது. சுருதி சரியா என்று முள் காட்டும் கைப்பேசிச் செயலிகளும் உண்டு. அவற்றைக் குறை கூற நான் வரவில்லை. என் அனுபவத்தில் கண்ட சிலவற்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

ஆசிரியரைக் கேட்காமல் கோடு ஒட்டாதீர்கள். அவர் ஒட்டச் சொன்னால் ஒட்டுங்கள், ஆனால் எடுக்கும் தேதியையும் அன்றே கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிய்க்காமல் ஒவ்வொன்றாக எடுங்கள். சுருதிப் பெட்டியோ தம்புராவோ இல்லாமல் சாதகம் வேண்டாம். வாசிக்கும் முன் அந்த ஸ்வரத்தைப் பாடச் சொல்லுங்கள். வாரத்தில் ஒருநாளாவது விளக்கை அணைத்துவிட்டு வாசிக்கட்டும். குதிரை விழுந்தால் நீங்களே நிறுத்தாதீர்கள்! குழந்தை "கோட்டிலேதான் இருக்கு" என்று சொன்னால், அன்றைக்கே கோட்டை எடுத்துவிடுங்கள்.

மெட்டில்லாத பேஸ் வாங்க நினைக்கும் இளைஞர்களுக்கும் இதுவே பதில். மெட்டுள்ளதிலிருந்து மாறுகிறவர்களும், இரைச்சலான மேடையில் வாசிப்பவர்களும் கோடு போட்டதையே வாங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோடில்லாததை வாங்கினால், பக்கத்துப் புள்ளிகள் ஸ்வர ஸ்தானத்துக்கு நேராக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். எதை வாங்கினாலும் முதல் வருடம் காதுக்குத்தான் வேலை.

பேரனின் குழு சங்கத்தின் பொங்கல் விழாவில் வாசிக்கப் போகிறது. அன்பர்கள் குடும்பத்தோடு வர வேண்டும். காந்தாரம் ஏறி நின்றால் தயங்காமல் சொல்லுங்கள். முன்வரிசையில் அவன் அம்மாவும் இருப்பாள்.